பந்த அவனுக்குக் குடுல!

1988-ல் நம்ம பள்ளி ஹாக்கி அணியில் நான் லெஃப்ட் ஹாஃப், முன்வரிசைக்குப் பின்னால் இடது பக்கம் ஆடுபவன். அந்த வருஷம் பள்ளியில் இருந்தவர்களிடம் கேட்டால் என்னைத் தெரிந்திருக்காது. முன்வரிசையில் நடுவில் ஆடும் சென்டர் ஃபார்வர்டையும் அவனுக்கு வலப்பக்கம் ஆடும் ரைட் இன்னையும் மட்டும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாவட்டப் போட்டியில் நாங்கள் போட்ட கோல்களில் அவர்கள் போடாதது ஒன்றே ஒன்று, அதுவும் எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் வந்தது.

ஆனி, ஆடிச் சாரலில் நம்ம மைதானத்தின் கீழ்க்கோடியில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். அதில் பந்து உருளாது. மற்றவர்கள் தடவிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு பேரும் பந்தை லேசாகக் கிளப்பி, சேற்றைத் தாண்டி, ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்து, கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டமான டி-க்குள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு கோல் கீப்பர் பாடுதான்.

பி.டி. சார் அடிக்கடி ஒரு கதை சொல்வார். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று ஜெயித்தது. அந்த 24-ல் ரூப் சிங் 10, அண்ணன் தியான் சந்த் 8. "ரெண்டு பேரு சேந்து பதினெட்டு. நமக்கும் ரெண்டு பேரு இருக்கானுவ" என்பார். அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்ததே 3 நாடுகள்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது அந்தப் பதினெட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். பந்து கிடைத்தால் தலையைத் தூக்கி அவர்கள் எங்கே என்று பார்ப்போம். வேறு யாரையும் பார்த்ததில்லை.

முன்வரிசையில் இடது ஓரத்தில் ஆடும் எங்கள் லெஃப்ட் அவுட் நல்ல ஓட்டக்காரன். ஆனால் இடது ஓரம் ஹாக்கியில் சிரமமான இடம். ஸ்டிக்கின் தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம். அங்கிருந்து ஓடுகிற ஓட்டத்தில் நடுவுக்கு அடிக்க வேண்டும் என்றால் பந்தைச் சுற்றி வந்து உடம்பைத் திருப்ப வேண்டும். அதனால் எல்லா அணியும் வலது பக்கமாகவே ஏறும். நாங்களோ அவனுக்குப் பந்தே கொடுக்கவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் சைக்கிளை எடுத்த பிறகும் அவன் மட்டும் கோட்டோரம் ஓடி ஓடி அந்தத் திருப்பத்தைப் பழகிக்கொண்டிருப்பான்.

மண்டல இறுதியாட்டம் கோவில்பட்டியில். அந்த ஊரில் ஹாக்கி பார்க்க வரும் கூட்டமே வேறு, பெட்டிக்கடைக்காரர்கூட ஃபவுலைச் சரியாகச் சொல்வார். எதிரணி எங்களை முன்பே பார்த்து வைத்திருந்தது போல. ரைட் இன்னுக்கு ஒருவன், சென்டர் ஃபார்வர்டுக்கு இரண்டு பேர், நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது பந்து என்னிடம் வந்தது. லெஃப்ட் அவுட் என்னிடமிருந்து பதினைந்து அடி தூரத்தில் ஸ்டிக்கைத் தரையில் தட்டிக் கூப்பிட்டான். அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

கோட்டுக்கு வெளியே எங்கள் ஆட்கள் எல்லோரும் "பந்த அவனுக்குக் குடுல!" என்று கத்தினார்கள். அவன் என்றால் யார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நான் நடுவில் தள்ளினேன். மூன்று ஸ்டிக்குகள் மோதிக்கொண்ட சத்தம், அப்புறம் விசில்.

திரும்பும் பஸ்ஸில் சார் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்று முகத்தில் அடிக்கும்வரை யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

2021 ஆகஸ்டில், இங்கே குவைத்தில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து டோக்கியோ வெண்கல ஆட்டத்தைப் பார்த்தேன். 1-3 என்று பின்தங்கிய இந்தியா, ஜெர்மனியை 5-4 என்று ஜெயித்தது. அந்த ஐந்து கோலை நான்கு பேர் போட்டிருந்தார்கள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கூடவே அந்தக் கோவில்பட்டி மத்தியானமும் வந்து நின்றது.

அடுத்த லீவில் நாகர்கோவிலில் சென்டர் ஃபார்வர்டின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். ஆட்டத்துக்கு முன்னால் அவன் ஸ்டிக்கின் பிடியில் துணியைச் சுற்றுவான், அவிழ்ப்பான், மறுபடி சுற்றுவான். அது அவன் ராசி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். "ராசி எல்லாம் இல்ல மக்கா, கை நடுங்கும். சும்மா வச்சிருந்தா நீங்க பாத்திருவியன்னு சுத்திட்டே இருப்பேன். மேட்சுக்கு மொத நாள் ராத்திரி ஒறக்கமே வராது" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு நீ அந்தப் பக்கம் தள்ளீரணும்னு நான் வேண்டிட்டு நின்னேன்" என்றான்.

லெஃப்ட் அவுட் எங்கே இருக்கிறான் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. பள்ளி முடித்ததும் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டோம். 88 அணியின் லெஃப்ட் அவுட்டைப் பற்றி யாருக்காவது தெரிந்தால் நம்ம பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். லீவு எப்போது என்றாலும் வந்து பார்க்கிறேன்.