பதினேழு வயதில் டோக்கியோ: ஹோட்டல் கவுன்டரில் கேட்கும் ஒரு காகிதம்

பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளையைப் பல விமான நிறுவனங்கள் பெரியவர் டிக்கெட்டில் தனியாகவே ஏற்றிக்கொள்கின்றன. விசாவும் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடுகிறோம். டோக்கியோவில் போய் இறங்கி, பெட்டியோடு ஹோட்டல் கவுன்டரில் நிற்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். அங்கே கணக்கு 18 வயது.

ஜப்பானில் சட்டப்படி மேஜராகும் வயது 2022 ஏப்ரல் 1 அன்று 20-லிருந்து 18 ஆனது. அதற்குக் கீழே உள்ளவர் பெற்றோர் சம்மதம் இல்லாமல் செய்யும் ஒப்பந்தத்தைப் பின்னால் ரத்து செய்ய அந்நாட்டு சிவில் சட்டம் இடம் கொடுக்கிறது. அறை எடுப்பதும் ஒப்பந்தம்தானே. அதனால்தான் பல ஹோட்டல்கள் ‘தோய்ஷோ’ என்ற சம்மதக் கடிதத்தைக் கேட்கின்றன. கேட்டார்களே என்று பிள்ளைகள் பதற வேண்டாம். உள்ளூர் மாணவர்களிடமும் இதையேதான் கேட்கிறார்கள்.

கடிதம் ஒரே பக்கம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தங்கும் தேதிகள், ஹோட்டல் பெயர், பெற்றோர் பெயர், உறவு, முகவரி, 91 சேர்த்த போன் எண், தேதி, பேனாவால் போட்ட கையெழுத்து. பல ஹோட்டல்கள் தங்கள் இணையதளத்திலேயே படிவம் வைத்திருக்கும்; இருந்தால் அதையே நிரப்புங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதி, ஜப்பானிய மொழிபெயர்ப்பைக் கீழே சேர்த்துவிடுங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். மூன்று ஹோட்டலுக்கும் சேர்த்து ஒரே கடிதம் கொண்டுபோவார்கள். முதல் ஹோட்டல் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டு நண்பர்கள் போவார்கள். ஒருவர் வீட்டுக் கையெழுத்து மட்டும் இருக்கும். ஹோட்டலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். போனில் படமாக மட்டும் வைத்திருந்தால், செவன் இலவன் கடையில் உள்ள ஜெராக்ஸ் இயந்திரம் கைகொடுக்கும். அதன் ‘நெட்பிரின்ட்’ ஆப்பில் கோப்பை ஏற்றினால் எட்டு எழுத்து எண் ஒன்று வரும். அதை இயந்திரத்தில் தட்டினால் போதும், கறுப்பு வெள்ளை ஏ4 பக்கம் 20 யென்.

கடிதம் சரியாக இருந்தாலும் வீட்டுக்கு போன் செய்து உறுதிப்படுத்தும் ஹோட்டல்களும் உண்டு. செக்-இன் நேரமான பிற்பகல் 3 மணி நமக்குக் காலை 11.30. அன்று ஜப்பானின் நாட்டு எண்ணான 81 என்று தொடங்கும் அழைப்பை மோசடிக்காரர்கள் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். பிள்ளை கவுன்டரில் காத்துக்கொண்டிருக்கும்.

அப்பா பெயரில் முன்பதிவு செய்து பிள்ளையை அனுப்புவது இன்னொரு பெரிய தவறு. தங்குபவர் பெயர் பிள்ளையுடையதாக இருக்கட்டும். பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். அப்பாவின் கார்டைப் பிள்ளை நீட்டினால் வாங்க மறுக்கலாம். பதிவு செய்த கையோடு ஹோட்டலுக்கு வயதைச் சொல்லி ஒரு மெயில் போட்டு, ‘சரி’ என்று வரும் பதிலை அச்செடுத்து வையுங்கள். இரவுப் பணியாளருக்கு விஷயம் தெரியாமல் போனால் அந்தத் தாள்தான் பேசும். மலிவாக மிஞ்சியிருக்கும் அறை பெரும்பாலும் புகைபிடிக்கும் அறையாக இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் படுக்க மட்டும் இடமுள்ள சிறு கூண்டறைகள் கொண்ட கேப்ஸ்யூல் ஹோட்டல்களில் பல 18-க்குக் கீழே சேர்ப்பதில்லை, முதல் பயணத்துக்கு அவற்றை விட்டுவிடலாம்.

கவுன்டரில் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுப்பார்கள். ஜப்பானில் முகவரி இல்லாத எல்லா வெளிநாட்டவருக்கும் இதே நடைமுறைதான். ஊர் முகவரியைப் பின்கோடோடு எழுதப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நகல் எடுத்தபின் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 16 வயதிலிருந்து வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அறையில் வைத்துவிட்டுச் சுற்றக் கூடாது.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது இரவு. டோக்கியோவில் கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்ட பெரியவர்கள் மங்கா கஃபே எனும் காமிக்ஸ் படிக்கும் கடையிலோ, கரோக்கி எனும் பாட்டுப் பாடும் கூடத்திலோ விடியும்வரை உட்கார்ந்துவிடுவார்கள். பதினேழு வயதுக்காரருக்கு அந்த வழி இல்லை. நகரின் இளைஞர் விதிப்படி இரவு 11 முதல் அதிகாலை 4 வரை 18-க்குக் கீழே உள்ளவர்களை அங்கே அனுமதிக்கக் கூடாது. தெருவில் நின்றாலும் போலீஸ் விசாரிக்கும். ஆகவே ஒன்பதரைக்கு ஹோட்டலை நோக்கித் திரும்பிவிட வேண்டும். ரயில் போய்விட்டால் டாக்சிதான். இரவு 10 முதல் காலை 5 வரை கட்டணம் 20 சதவீதம் கூடுதல்.

ஹோட்டலின் பெயரும் முகவரியும் ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த அட்டையைக் கவுன்டரிலேயே கேட்டு வாங்கலாம். அதன் பின்புறம் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119, வீட்டு எண் ஆகிய மூன்றையும் எழுதிச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். போன் சார்ஜ் தீர்ந்த பிறகும் டாக்சி ஓட்டுநரிடமோ ‘கோபன்’ என்னும் தெருமுனை போலீஸ் சாவடியிலோ அந்த அட்டையை நீட்டலாம்.