பர்லியாற்றில் தொடங்கிய வாந்தி: புற்றுநோய்ச் செவிலியத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

குன்னூரில் வளர்ந்து, சில ஆண்டுகள் வார்டில் பணியாற்றிய பிறகு, புற்றுநோய்ச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயம் படித்தவள் நான். அதே தேர்வுக்குப் படிக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள், தலைமைப் பண்பு குறித்த பாடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டால், ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி அம்மாவைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொள்ள, சமவெளியில் நான் பயிற்சி பெற்ற மருத்துவமனைக்கு அவர் பேருந்தில் இறங்கி வருவார். மூன்றாவது முறை, மருந்து ஏற்றுவதற்கு முன்பே, வாந்தி எடுத்துச் சோர்ந்துபோய் வந்து சேர்ந்தார். பர்லியாறு வழியாக இறங்கும் மலைப்பாதையின் வளைவுகள்தான் காரணம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியவள் நானே. மலையில் பிறந்த எனக்கே அது தவறாகத் தோன்றவில்லை என்பதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, அந்த அம்மாவின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முன்னெல்லாம் பஸ்ஸில் வாந்தி வருமாம்மா?" என்று கேட்டார்.

"முப்பது வருஷமா ஏறி இறங்குறேன், ஒரு நாளும் வந்ததில்ல சிஸ்டர். இப்போ பர்லியாறு வந்தாலே உங்க மருந்து வாடை மூக்குல ஏறுது."

கீமோவால், அதாவது இத்தகைய புற்றுநோய் மருந்துகளால், வரும் வாந்தி, முதல் 24 மணி நேரத்தில் வருவது, அதற்குப் பின் வருவது, மருந்துக்கு முன்பே வருவது என்று மூவகைப்படும். சிஸ்பிளாட்டினில் இரண்டாம் வகை, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில், அதாவது நோயாளி வீடு திரும்பிய பிறகே உச்சத்தை எட்டும். முதல் இரண்டு முறை மருந்து ஏற்றிய பிறகும், அதாவது முதல் இரண்டு சைக்கிளிலும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டில் அவர் பட்ட பாட்டை நாங்கள் கேட்கவேயில்லை. அப்படி அடங்காமல் போன வாந்திதான், பழகிய இடத்தையும் வாடையையும் பற்றிக்கொண்டு மூன்றாம் வகையாகிறது. ஒருமுறை வேரூன்றிவிட்டால் வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகள் அதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதால், முதல் சைக்கிளிலேயே வாந்தியை முழுதாக அடக்குவதுதான் சிறந்த தடுப்பு.

சிஸ்டர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மருத்துவரிடம் பேசி, வீட்டில் விழுங்க வேண்டிய மாத்திரைகளைக் கூட்டி எழுத வைத்தார். புறப்படுவதற்கு முந்தைய இரவுக்கு, பதற்றத்தைத் தணிக்கும் லோராசெபாம் மாத்திரை கேட்டு வாங்கினார். மூன்றாம் நாள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதை பணி மாறும்போது அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கும் ஹேண்ட் ஓவர் நோட்டில் ஒரு கட்டமாகவே சேர்த்து, அன்று ட்யூட்டியில் இருப்பவர் கையெழுத்திட வேண்டும் என்றார்.

தேர்வில் தலைமை வகைகளை விளக்கச் சொன்னால் வரையறைகளை அரைப்பக்கத்தில் முடித்துக்கொண்டு, மீதி இடத்தில் இப்படி நீங்கள் கண்ட ஒரு மாற்றத்தை, யார் எதைக் கவனித்தார், எந்த நடைமுறை மாறியது என்று எழுதுங்கள். கனிவான பராமரிப்பு பற்றிய கேள்விக்கும் இதுவே பொருந்தும். "அன்பாகப் பேச வேண்டும்" என்ற வாக்கியத்துக்கு யாரும் மதிப்பெண் தருவதாக எனக்குத் தெரியவில்லை. வாய்மொழித் தேர்வில், டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். டிரிப்பை உடனே நிறுத்தி, நரம்பில் செருகிய குழாயான கேனுலாவை எடுக்காமல் அதன் வழியே மருந்தை உறிஞ்சியெடுத்து, குளிர் ஒத்தடம் கொடுப்பேன் என்றேன். வின்கிரிஸ்டின் என்ற மற்றொரு கீமோ மருந்துக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அடுத்து, "புதிதாகச் சேர்ந்த செவிலியர் பயத்தில் அதை மறைத்திருந்தால்?" என்றார்கள். யாரையும் கடிந்துகொள்ளாமல் நடைமுறையை மாற்றிய சிஸ்டரையும், ஹேண்ட் ஓவர் நோட்டில் அவர் சேர்த்த அந்தக் கட்டத்தையும் பற்றித்தான் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு வாந்தி குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. ஐந்தாவது முறை வந்தபோது, பர்லியாற்றில் கண்ணை மூடியவர் மலையடிவாரக் கல்லாறு தாண்டித்தான் திறந்ததாகச் சொல்லி, மடியில் வைத்திருந்த பாலித்தீன் பையை மடிப்புக் கலையாமல் எடுத்துக் காட்டினார்.