மாமியின் வீடும் என் தூண்டிலும்

கல்யாணம் முடித்து நான் குடிபோன வீடு என்னுடையது இல்லை. மட்டக்களப்பில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. அமிர்தகழியில் இருக்கும் இந்த வீடு மாமியின் தாயிடமிருந்து மாமிக்கு வந்தது, மாமியிடமிருந்து என் மனைவிக்கு. எங்களுக்கு வீட்டை விட்டுவிட்டு மாமி வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு தூண்டில் கம்போடும் வந்து சேர்ந்தவன். காணி உறுதிப் பத்திரத்தில் என் பெயர் இல்லை. ஆனால் ஒழுகும்போது வாளி வைப்பது நான்தான்.

வந்த முதல் வருடமே ஒரு பெரிய பிழை விட்டேன். முன்னறைச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு பொருக்கு விட்டிருந்தது. ஒரு மேசனைக் கூப்பிட்டு, பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுக்கச் சொல்லி, சீமெந்து பூசி, மேலே பளபளவென்று பெயின்ட் அடிப்பித்தேன். பார்க்க நல்ல வடிவு. மாரி ஒன்று போனது. சுவர் அப்பளம் பொரிந்த மாதிரி ஊதிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினால் பெயின்ட் உரிந்து உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. மேசனைக் குறை சொல்லமாட்டேன். அந்த மனிசன் நான் கேட்டதைச் செய்தார்.

விஷயத்தைச் சொல்லித் தந்தவர் ஆரையம்பதி ஓடாவியார், மரவேலை செய்கிறவர். அவர் வந்தது கூரை பார்க்க. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது மூச்சு விடுற சுவர். நீங்க அதுக்கு பொலித்தீன் சுத்தி வச்சிரிக்கீங்க."

பழைய வீடுகளின் சுவர்கள் செங்கல்லும், கடலில் எடுத்த பவளப்பாறைத் துண்டான முருகைக்கல்லும் கலந்து சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றோடு போய்விடும். சீமெந்தும் பெயின்டும் அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, பூச்சைத் தள்ளும். எங்கள் ஊரிலோ ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக்குப் பஞ்சமே இல்லை.

ஆக, காசு கொடுத்துப் பூசிய சீமெந்தை நானே உளியால் கொத்தி எடுத்தேன். உள்ளே முருகைக்கல் துண்டுகள் அப்படியே தெரிந்தன, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக. இப்போது கடலில் அதை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் ஒரு துண்டு கழன்று விழுந்தாலும் எறியாமல் கழுவித் திரும்ப வைத்தேன்.

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. நீலப் பரல் ஒன்றில் சுண்ணாம்பைப் போட்டு, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி விட்டு, மூன்று கிழமை மூடி வைத்தேன். திறந்தபோது கட்டித் தயிர் மாதிரி இருந்தது. அதில் ஒரு பங்குக்கு ஆற்று மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் கிட்டவும் வரக்கூடாது. உப்பை எடுக்கத்தானே இந்தப் பாடு. மெல்லிய படையாகப் பூசி, அது இறுகிய பிறகு அடுத்த படை. சீமெந்து மாதிரி இது ஒரே நாளில் இறுகாது. காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்து எடுத்துத்தான் மெல்ல மெல்லக் கல்லாகும். நான் தொடங்கியதோ கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற ஆனி மாதம். மத்தியானக் காற்று பட்டதும் பூச்சு வெடிக்கத் தொடங்கியது. மாமி சாக்குகளை நனைத்துக் கொண்டுவந்து யன்னலில் தொங்கவிட்டார், காற்று ஈரமாக உள்ளே வரட்டும் என்று. மனைவி சுவருக்குத் தண்ணீர் தெளித்தார், பூக்கன்றுக்குத் தெளிக்கிற மாதிரி.

மற்றபடி காத்திருப்புத்தான். காத்திருக்கத் தெரியாத ஆளுக்குத் தூண்டில் நல்லது.

பின்னேரம் ஐந்து மணிக்கு உளியைக் கழுவி வைத்துவிட்டு, இறால் வாளியோடு சைக்கிளில் பாலமீன்மடுவுக்குப் போவேன். வெளிச்சவீட்டைத் தாண்டி முகத்துவாரப் பக்கம். சில நாள் கல்லடிப் பாலம். 1924இல் திறந்த பழைய பாலம் அது. பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் வந்த பிறகு தங்கூசியோடு (தூண்டில் நரம்பு) நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. (வெளியூர்க்காரர் யாராவது வந்து "வாவியில் பாடும் மீன் சத்தம் கேட்குமா?" என்று கேட்பார்கள். கேட்கும், நிலவு நாளில் தோணியில் போய்த் துடுப்பில் காதை வைத்தால். நான் பிடிக்க வந்தது பாடாத மீன்.)

பிடிபடுவது அனேகமாகக் கெளிறு. அதன் முள் குத்தினால் கை விண் விண்ணென்று கடுக்கும். பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் கையை வைத்தால் குறையும். ஆனால் அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பகல் முழுக்கச் சுண்ணாம்பு பிசைந்து வெடித்த விரலால், பின்னேரம் உப்புத் தண்ணீரில் கிடந்த இறாலைத் தூண்டிலில் குத்துவது. முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுகா தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு போகப் பழகினேன்.

கொடுவாதான் எல்லோருக்கும் ஆசை. இறால் உயிரோடு இருந்தால்தான் அது கிட்ட வரும், வந்தாலும் ஒரே இழுவையில் கல்லிடுக்குக்குள் போய்த் தங்கூசியை அறுத்துவிடும். நான் இதுவரை கரைக்கு ஏற்றியது இரண்டு. சின்னது ஒன்று, பெரியது என்று நான் சொல்லிக்கொள்கிறது ஒன்று.

கூரைக் கதைக்கு வருகிறேன். ஓடாவியார் கூரையின் வளைமரத்தைத் தட்டிப் பார்த்து, "இது முதிரை மரம். கை வைக்காதீங்க, உங்கட பேரப்பிள்ளைக்கும் கிடக்கும்" என்றார். கைமரம் மூன்றின் நுனியைத்தான் கறையான் தின்றிருந்தது. அந்த அளவுக்கு அறுத்து ஒட்டுப் போட்டார். கூரை ஓடுகளைப் புரட்டிப் பார்த்தால் ஒரு பாதியில் 'பெரோக்' என்று இங்கிலீசில் முத்திரை, கள்ளிக்கோட்டைப் பக்கத்து ஓடு. மற்றப் பாதி வேறு. மாமி காரணம் சொன்னார். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அந்தப் பக்கத்து ஓட்டை அள்ளிக்கொண்டு போனதாம். மாமிக்கு அப்போது பன்னிரண்டு வயது. எல்லோரும் பெரிய கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார்களாம். பிறகு கிடைத்த ஓட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டு ஓட்டின் அளவும் ஒன்றில்லை, சேருகிற இடத்தில் ஒன்றோடொன்று கொளுவாது.

அந்த இடத்தைப் பிரித்தபோதுதான் சுவருக்கும் கைமரத்துக்கும் இடையில் ஒரு கட்டை கிடைத்தது. உள்ளங்கை அகலம், நடுவில் இரண்டு பக்கமும் குடைந்தது. அதில் சுற்றியிருந்த நூல் தொட்டதும் தூளாகிப் போனது. துருப்பிடித்த கொளுக்கி ஒன்று, யாரோ வீட்டில் உருக்கி வார்த்த ஈயக்கட்டி ஒன்று. ஈயத்தில் விரல் ரேகை மாதிரிக் கோடுகள். மணலில் குழி பறித்து வார்த்தது என்றார் ஓடாவியார்.

மாமி அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"அப்பாட தூண்டில். அம்மா ஏசுவாங்க எண்டு மேல ஒளிச்சி வச்சிரிப்பார்."

மாமியின் அப்பாவும் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான். ஏறாவூர்ப் பக்கம் இருந்து வந்தவராம். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் தூண்டில் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஈயக்கட்டியை நான் கொண்டுபோகவில்லை. கல்லிடுக்கில் போனால் போனதுதான். விறாந்தைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஐப்பசி பிறந்ததும் முதல் மழை. முன்னறைச் சுவர் சும்மா இருந்தது, தொட்டால் குளிர், அவ்வளவுதான். இரவு பத்து மணிக்குப் பெருமழை பிடித்தது. இரண்டு ஓடும் சேருகிற அதே இடத்தில் இருந்து கட்டில் தலைமாட்டில் சொட்டு. குசினி வாளி எல்லாம் மாமி வீட்டில். இருட்டில் தட்டித் தடவி என் இறால் வாளியை எடுத்து வந்து வைத்தேன். விடியும்வரை அறை முழுக்க இறால் மணம்.