ஈயம்–கார்பன் பிணைப்பு: மந்த இணை விளைவு பாதிதான் சொல்கிறது

ஈயம் என்றதும் வகுப்பில் கேட்ட மந்த இணை விளைவு நினைவுக்கு வரும். 6எஸ் எலக்ட்ரான்கள் இரண்டும் பிணைப்புக்கு வராது, ஆகவே +2 நிலைதான் உறுதியானது என்பார்கள். கனிமச் சேர்மங்களுக்கு இது சரி. டைகுளோரைடு 501 டிகிரியில் உருகும் வரை கலங்காது. டெட்ராகுளோரைடோ லேசாகச் சூடேற்றினாலே குளோரினை விட்டுவிடும். கார்பன் வந்து சேர்ந்தால் எல்லாம் தலைகீழ். டெட்ராஃபீனைல் ஈயம் காற்றில் திறந்து வைத்தாலும் ஒன்றும் ஆகாத வெண்ணிறத் தூள், சுமார் 227 டிகிரியில்தான் உருகும். +2 நிலையிலுள்ள டைமெத்தில் ஈயத்தைக் குப்பியில் பிடித்து வைக்க முடியாது.

இந்த முரணுக்கு விடை கிடைத்தது 1993இல், வேதியியலர்கள் காப், ஷ்லேயர் ஆகியோரின் கணக்கீட்டில். அணு எண் 82 என்பதால் சார்பியல் விளைவு (கனத்த கருவின் அருகே எலக்ட்ரான் மிக வேகமாக ஓடுவதால் வருவது) 6எஸ் ஆர்பிட்டாலைச் சுருக்கிவிடுகிறது. 6பி அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. மெத்தில் தொகுதி எலக்ட்ரானை அதிகம் இழுக்காது, அதனால் ஈயத்தின் மேல் நேர்மின்சுமை குறைவு. எஸ், பி இரண்டும் ஓரளவு ஒத்த அளவில் நின்று இனக்கலப்பு, அதாவது ஒன்றோடொன்று கலந்து பிணைப்புக்கு வருவது, நடக்கிறது. குளோரின், ஃபுளூரின் ஏறினால் நேர்மின்சுமை கூடும், 6எஸ் மேலும் உள்ளே ஒடுங்கும், நான்கு பிணைப்பும் தளரும். ஆக +4ஐக் கெடுப்பது ஈயம் மட்டுமல்ல, அதோடு சேர்ந்திருக்கும் அணுவும்தான். பாடநூல்கள் இதை விட்டுவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஆனால் +4 நிலை நிற்கிறது என்பதற்காகப் பிணைப்பு வலுவானது என்று நினைத்துவிடக் கூடாது. டெட்ராமெத்தில் ஈயத்தில் ஈயம்–கார்பன் நீளம் 2.24 ஆங்ஸ்ட்ராம், சராசரிப் பிணைப்பாற்றல் மோலுக்கு ஏறக்குறைய 150 கிலோஜூல். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்புக்கு இவை 1.54 ஆங்ஸ்ட்ராம், சுமார் 350 கிலோஜூல். சூடேற்றினால் ஈயம்–கார்பன் பிணைப்பு சரிபாதியாகப் பிளந்து தனி உறுப்புகளை, அதாவது இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட துண்டுகளை, தரும்.

அதை வைத்துத்தான் 1929இல் பானெத்தும் ஹோஃபெடிட்ஸும் மெத்தில் தனி உறுப்பு உண்டு என்று நிறுவினார்கள். குறைந்த அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரஜனில் டெட்ராமெத்தில் ஈய ஆவியைக் கலந்து குழாய்க்குள் விட்டு, ஓரிடத்தில் சூடேற்றினால் அங்கே ஈயம் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் படியும். பிறகு, வாயு வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளிச் சூடேற்ற வேண்டும். புதிய படிவு அங்கே தோன்றும், பழையது மெல்ல மறையும். அங்கே பிறந்த மெத்தில் உறுப்புகள் ஓடி வந்து பழைய ஈயத்தைத் தின்றுவிடுகின்றன. வாயு மெதுவாக ஓடினாலோ, இரண்டு இடங்களுக்கும் தூரம் கூடினாலோ சோதனை பலிக்காது. மெத்தில்கள் வழியிலேயே தீர்ந்துவிடும், பழைய படிவு அப்படியே இருக்கும்.

பெட்ரோலில் டெட்ராஎத்தில் ஈயம் வேலை செய்ததும் இதே பலவீனத்தால்தான். எஞ்சினுக்குள் எளிதில் சிதைந்து, உண்டாகும் ஈய ஆக்சைடு நுண்துகள்கள் தட்டலுக்கு (எரிபொருள் நேரங்கெட்டு வெடித்து எழும் சத்தத்துக்கு) காரணமான சங்கிலி வினையை அறுத்தன. அந்த ஆக்சைடு உள்ளேயே படியாமலிருக்க 1,2-டைபுரோமோஈத்தேன் சேர்த்து, ஆவியாகும் புரோமைடாக வெளியேற்றினார்கள். அத்தனை ஈயமும் காற்றில் கலந்தது அப்படித்தான். டெட்ராஎத்தில் ஈயம் உடலுக்குள் போனால் கல்லீரலில் ஒரு எத்தில் கழன்று டிரைஎத்தில் ஈய அயனி ஆகிறது. நரம்பு மண்டலத்தைத் தாக்குவது முக்கியமாக இதுதான்.

வடிவத்துக்கு வருவோம். நான்கும் கார்பன் என்றால் நான்முகி. ஒன்றைக் குளோரினாக்கினால், திண்ம நிலையில் அந்தக் குளோரின் பக்கத்து ஈயத்தையும் பற்றிக்கொள்ளும். டிரைமெத்தில் ஈய குளோரைடு ஒரு சங்கிலி; அதில் ஈயம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பிணைப்பு, வடிவம் முக்கோண இருபிரமிடு.

என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈயம்-207 இயற்கையில் சுமார் 22 சதவீதம், சுழற்சி அரை. அதனால் மெத்தில் உச்சியின் இருபுறமும் தலா 11 சதவீத அளவில் சிறு உச்சிகள் நிற்கும். மாசு என்று நினைத்து மறுபடி தூய்மைப்படுத்தக் கிளம்பிவிடாதீர்கள். டெட்ராமெத்தில் ஈயத்தில் இவற்றுக்கு இடையே சுமார் 62 ஹெர்ட்ஸ். 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 0.155 பிபிஎம் (கருவியின் அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), 600இல் 0.10. கருவி மாறினாலும் ஹெர்ட்ஸ் மாறாவிட்டால் அது ஈயம்தான். மாசு என்றால் மாறாமல் இருப்பது பிபிஎம்.

ஈயம்–ஈயம் பிணைப்பு இன்னும் வியப்பானது. ஹெக்ஸாஃபீனைல்டைலெட்டில் ஒற்றைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 2.84 ஆங்ஸ்ட்ராம். இரட்டை என்று எழுதப்படும் டைபிளம்பீன் ஒன்றில் 3.05. 2000இல் வேதியியலர் பிலிப் பவரின் குழுவினர் தயாரித்த, சூத்திரப்படி மும்மைப் பிணைப்பு இருக்க வேண்டிய சேர்மத்தில் 3.19! 6எஸ் இணை ஒவ்வொரு ஈயத்திலும் தனித்தே தங்கிவிடுகிறது; பிணைப்புக்கு வருவது 6பி மட்டும். அந்த மூலக்கூறில் கார்பன்–ஈயம்–ஈயம் கோணம் 94 டிகிரி, பி ஆர்பிட்டால்களின் செங்கோணத்துக்கு மிக அருகில். எனவே அங்கே மூன்று கோடு போடுவது தவறு: ஒரு கோடும், ஈயம் ஒவ்வொன்றிலும் ஒரு தனித்த இணையும் போதும். டைபிளம்பீன்களில் பல, கரைசலில் இட்டதும் இரண்டு பிளம்பிலீன்களாக, அதாவது ஈய அணு ஒன்றே உள்ள +2 நிலைத் துண்டுகளாக, பிரிந்துவிடுகின்றன.