கரண்ட் போன ராத்திரியும் மூன்று மைக்கும்

குன்னூரில் ராத்திரி கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் மெழுகுவத்தி தேடுவார்கள், நான் கிட்டாரைத் தேடுவேன். ஃப்ரிட்ஜ் நின்றுவிடும், பக்கத்து வீட்டு டிவி நின்றுவிடும், எர்த் சரியில்லாத எங்கள் வீட்டுப் பழைய வயரிங்கிலிருந்து எல்லா ரெக்கார்டிங்கிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த 'ம்ம்ம்' சத்தமும் காணாமல் போய்விடும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அந்தச் சின்னப் பெட்டியே உண்டாக்கிக் கொடுத்துவிடும். இதைவிட நல்ல ஸ்டுடியோ எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அப்படி ஒரு ராத்திரியில் மெதுவாக விரலால் மீட்டி ஒரு டேக் எடுத்துவிட்டு ஹெட்போனில் கேட்டால், பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று தூறல் மாதிரி ஒரு சத்தம். மழை வந்துவிட்டது போல என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன். நட்சத்திரம் தெரிந்தது. மழை இல்லை, மைக்.

கிட்டாருக்கு எந்த மைக் வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்கள் எல்லோரும் கீழே, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருப்பவர்கள். அவர்கள் கேட்பது, எது இனிமையாக இருக்கும், எது பளிச்சென்று இருக்கும் என்று. அவர்கள் வீட்டில் ஃபேன் ஓடுகிறது, தெருவில் ஆட்டோ ஓடுகிறது, அந்தச் சத்தத்துக்குள் மைக்கின் சொந்த இரைச்சல் புதைந்துபோய்விடும். இங்கே ஃபேனே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தேயிலைக் காட்டில் காட்டுமாடு இறங்கி, அதைப் பார்த்து நாய் குரைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. அதனால் நான் மைக்கின் விவரத் தாளில் முதலில் பார்ப்பது செல்ஃப் நாய்ஸ் என்ற ஒரு வரியைத்தான். மைக் தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்ளும் இரைச்சல் அது. 19 டெசிபல் என்று போட்டிருந்தால், முழுக்க முழுக்க மௌனமான அறையில் 19 டெசிபலுக்கு ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருப்பதாக அந்த மைக் உங்களிடம் சொல்லும் என்று அர்த்தம்.

இந்த மூன்று மாதத்தில் என் கைக்கு வந்து போனவை மூன்று. ரோட் எம்5 ஜோடி என்னுடையது, பழசாக வாங்கினேன். என்டி5 ஜோடியும் ரோட் கம்பெனியுடையதுதான், டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிற எங்கள் கொயர் குழுவில் ஒரு அண்ணன் வைத்திருந்தார், கேட்டதும் கொடுத்துவிட்டார் (பிறகு அதை அவரிடமிருந்தே விலைக்கு வாங்கிக்கொண்டேன்). மூன்றாவது நாய்மன் கேஎம்184, ஒரே ஒன்று. சென்னையில் ஒலிப்பதிவு வேலை செய்கிற நண்பன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து, "மூணு நாள் வெச்சுக்கோடா, கீழே மட்டும் போட்டுடாதே" என்று கொடுத்துப் போனான். அந்த மூன்று நாளும் அதை நான் கைக்குழந்தையைப் போல்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கம்பெனி கொடுக்கும் கணக்குப்படி செல்ஃப் நாய்ஸ் எம்5-க்கு 19 டெசிபல், என்டி5-க்கு 16, கேஎம்184-க்கு 13. அழகாக மூன்று மூன்றாக இறங்குகிறது. 3 டெசிபல் குறைந்தால் இரைச்சலின் சக்தி பாதியாகிறது, 6 குறைந்தால் கால்வாசி. காதுக்கு அது பாதியாகவோ கால்வாசியாகவோ கேட்காது, 3 டெசிபல் என்பது கூர்ந்து கவனித்தால் மட்டும் பிடிபடுகிற வித்தியாசம்தான், ஆனால் மெதுவாக வாசித்ததை கெயின் (மைக் சிக்னலைப் பெருக்குகிற அளவு) ஏற்றி, அப்புறம் மிக்ஸில் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் எம்5-க்கும் கேஎம்184-க்கும் நடுவிலுள்ள அந்த 6 டெசிபல் நன்றாகவே தெரிகிறது. பிக் வைத்து ஸ்ட்ரம் அடித்தால் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை, கிட்டாரின் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆக, நீங்கள் ஸ்ட்ரம் அடிக்கிற ஆள் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு எம்5 ஜோடியை வாங்கிக்கொண்டு போகலாம்.

இரைச்சல்தான் கவலை என்றால் பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிர்கிற மெல்லிய சவ்வு) உள்ள மைக் வாங்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதே ரோட் கம்பெனியின் என்டி1-ஏ வெறும் 5 டெசிபல். டயஃப்ரம் பெரிதாக இருந்தால் அதன் மேல் விழும் ஒலியிலிருந்து கிடைக்கிற சிக்னலும் பெரிது, அதற்குள் சர்க்யூட்டின் இரைச்சல் அமுங்கிவிடும். ஆனால் ஒரு அங்குல டயஃப்ரம் என்பது 25 மில்லிமீட்டர், 10,000 ஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளமே மூன்றரை சென்டிமீட்டர்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிட்டால் நேராக வரும் ஒலியை ஒரு மாதிரியும் பக்கவாட்டில் வருவதை வேறு மாதிரியும் மைக் எடுக்க ஆரம்பிக்கும். கிட்டாரோ ஒரே புள்ளியிலிருந்து பாடுகிற கருவி இல்லை. கம்பி, பலகை, ஓட்டை, ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கோடுகளில்) விரல் உரசுவது என்று நாலு பக்கத்திலிருந்தும் வரும். அரை அங்குல டயஃப்ரம் இதையெல்லாம் ஒரே நிறத்தில் எடுக்கும், பிக் கம்பியை விட்டு விலகுகிற அந்த 'டிக்' கூட மழுங்காமல் இருக்கும். எனக்கு அந்த 'டிக்' வேண்டும். கொஞ்சம் 'ஸ்ஸ்ஸ்' இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, ஒப்பிட்டதைச் சொல்கிறேன். என் இன்டர்ஃபேஸில் இரண்டு சேனல்தான், அதனால் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. என்டி5-ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு முதலில் அதோடு எம்5, அப்புறம் அதோடு கேஎம்184 என்று தலையும் தலையும் ஒட்டினாற்போல் டேப் சுற்றி வைத்தேன். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நல்ல மைக் என்று காது சொல்லிவிடும், அது காதின் பழைய கெட்ட பழக்கம். அதனால் வாசிப்பதற்கு முன்னால் கிட்டார் இருக்கும் இடத்தில் ஃபோனை வைத்து 1,000 ஹெர்ட்ஸ் ஓசை ஒன்றை ஓடவிட்டு, இரண்டு மீட்டரும் ஒரே இடத்தில் நிற்கிற வரை கெயினைத் திருகினேன். இதைச் செய்யாமல் இரண்டு மைக்கை ஒப்பிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே இரண்டு வருடம் அப்படி ஒப்பிட்டு உளறிக்கொண்டிருந்தவன்.

என் காதுக்கு எம்5 கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, மேல் சுருதிகளில் அடக்கம். புதுக் கம்பி போட்ட கிட்டாருக்கு அதுவே நல்லது, பழைய கம்பிக்குச் சற்று மந்தம். என்டி5 மேலே திறந்துகொள்கிறது, விரல் சத்தம், நகம் படுவது எல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. கேஎம்184-இலும் 9,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஏற்றம் உண்டு, ஆனால் அது கூசாமல் வருகிறது. அடியில் கம்பிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாக நிற்கின்றன, அதைக் கேட்டபிறகு மற்ற இரண்டையும் கேட்கக் கொஞ்ச நேரம் மனசு வரவில்லை. இந்த மைக்கின் முன்னோடி கேஎம்84, 1966-இல் வந்தது. நார்வே நாட்டு வானொலிக்காரர்கள் மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் போகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்க, அவர்கள் ஸ்டுடியோவில் அவசர விளக்குக்காக ஏற்கெனவே 48 வோல்ட் ஓடிக்கொண்டிருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட எல்லா இன்டர்ஃபேஸிலும் இருக்கிற அந்த 48 வோல்ட் பொத்தான், கரண்ட் போனால் எரிகிற விளக்கிலிருந்து வந்தது. கரண்ட் போனால் ரெக்கார்ட் பண்ணுகிற எனக்கு இது ஏனோ ரொம்பப் பிடித்த கதை.

அப்புறம் வீட்டில் ஒரு பரீட்சை வைத்தேன். ஒரே சின்ன மெட்டு, நாலு கிளிப், பெயர் சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அம்மா, அக்கா, அக்கா பையன் மூன்று பேரும் நடுவர்கள். முதல் மூன்றுக்கும் வித்தியாசம் கேட்கிறதா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினார்கள். "நாலாவது மட்டும் வேற மைக் மாமா, சட்டிக்குள்ள வாசிச்ச மாதிரி இருக்கு" என்றான் பையன். அக்காவும் அதையே சொன்னாள். அம்மா மட்டும், "எனக்கு நாலாவதுதான்டா பிடிச்சிருக்கு, கனமா இருக்கு" என்றார். நாலாவது வேறு மைக்கே இல்லை. முதல் கிளிப்பில் இருந்த அதே எம்5, ஒரு சாண் தூரம் ஓட்டைப் பக்கமாக நகர்த்தி வைத்தது.

அந்த ஒரு சாணில் நடப்பது என்னவென்றால், கிட்டாருக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் தானாகவே குமுறும், அது வெளியே வருகிற வாசல் அந்த ஓட்டை. அடிக் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வருகிற ஜி 98 ஹெர்ட்ஸ், ஐந்தாவது கம்பி சும்மா அடித்தால் 110, ஆக இந்த இரண்டும் வரும்போதெல்லாம் மைக் முன்னால் யாரோ பானையை ஊதுகிற மாதிரி ஆகிவிடும். இது போதாதென்று கார்டியாய்ட் (முன்பக்கத்துச் சத்தத்தையே அதிகம் எடுக்கிற வகை) மைக்கைக் கிட்டே கொண்டுபோகப் போக அடிச் சத்தம் (பேஸ்) தானாகவே ஏறும். என் கிட்டாருக்கு ஒத்துவருவது 12-வது ஃப்ரெட்டுக்கு நேரே ஒரு அடி தள்ளி, தலையைக் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பி வைப்பது. இரண்டு மைக் வைத்தால் தலைகள் 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 டிகிரி விரித்து. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கண்டுபிடித்த வைப்பு அது, ஓஆர்டிஎஃப் என்று அவர்கள் நிறுவனத்தின் பெயரிலேயே சொல்வார்கள். ஒரு காதை மூடிக்கொண்டு இன்னொரு காதால் கேட்டபடி கிட்டார் வாசிப்பவரைச் சுற்றித் தலையை நகர்த்திப் பாருங்கள், எந்த இடத்தில் நன்றாக இருக்கிறதோ அங்கே மைக். பைசா செலவில்லை.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மலையில் இருந்து எழுதுவதில் அர்த்தமே இல்லை. எனக்கு முதலில் வாய்த்தது ஒரு மலிவு ஜோடி, பெயர் வேண்டாம். ஐப்பசி மழையில் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டேன். ஷூவில் பூஞ்சை பூக்கிற ஊர் என்று தெரிந்தே விட்டேன். ஒரு வாரம் கழித்து ஆன் பண்ணினால் பொரி வறுக்கிற மாதிரி 'பட் பட்' என்று வெடிக்கிறது. கண்டென்ஸர் மைக்கின் (48 வோல்ட் கேட்கிற இந்த வகை மைக்கின்) தலை மிக மிக அதிகத் தடையில் வேலை செய்வது, அதன் மேல் துளி ஈரம் படிந்தாலும் மின்னூட்டம் கசிந்துபோக வழி கிடைத்துவிடும், அந்தக் கசிவுதான் வெடிப்பாகக் கேட்கிறது. காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எனக்கு ஒன்று சரியானது, ஒன்று ஆகவில்லை.

இப்போது மைக்குகள் இருப்பது ரப்பர் வளையம் போட்ட சாப்பாட்டு டப்பாவில், ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு. நீலமாக இருக்கிற ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் உண்டு, சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது. நான் ஆரஞ்சையும் தனிச் சட்டியில்தான் வறுக்கிறேன், ஒரு முறை அம்மாவின் தோசைக்கல்லைத் தொட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். இங்கே பழைய வீடுகளில் அலமாரிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டுக் கம்பளித் துணியைக் காப்பாற்றுவார்கள், அதுவும் நல்ல வழிதான், பல்பு கிடைத்தால். கிட்டாரை மட்டும் அந்த டப்பா முறையில் வைக்காதீர்கள். கிட்டார் பலகைக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் வேண்டும், ஈரம் கூடினால் உப்பிக் கம்பி உயர்ந்துவிடும், குறைந்தால் வெடித்துவிடும். இன்னொன்று, குளிர்ந்து கிடக்கும் மைக்கை எடுத்தவுடன் கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுபோய்த் திறக்காதீர்கள், மூக்குக் கண்ணாடி மேல் படிகிற மாதிரி அதன் மேலும் நீர் பூக்கும். டப்பாவோடு அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறந்தால் போதும்.

ஈரத்துக்கு அஞ்சாத மைக்கும் இருக்கிறது, சென்ஹைஸரின் எம்கேஎச் வரிசை. ரேடியோ அலைவரிசையில் இயங்கும் வேறு மாதிரியான சர்க்யூட் என்பதால் தலையில் தடை குறைவு, கசிவுக்கு அவ்வளவு இடமில்லை, அதனால்தான் காட்டில் பறவைச் சத்தம் எடுப்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

நாய்மன் மூன்றாம் நாள் நண்பனோடு கீழே இறங்கிப் போய்விட்டது. பெட்டியை வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினான். அது ஒன்றின் விலையில் என்டி5 ஜோடி வாங்கிவிட்டு மீதிக் காசும் இருக்கும், அதனால் ஆசையை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். விரலால் வாசிப்பதற்கு என்டி5, ஸ்ட்ரம்முக்கும் கொயர் ரிகர்சலுக்கும் எம்5 என்று பிரித்துவிட்டேன். என்டி5-இன் தலையைக் கழற்றிவிட்டு என்டி45-ஓ என்ற ஆம்னி தலையைப் போடலாம், அதில் கிட்டே போனாலும் அடிச் சத்தம் ஏறாது, ஓட்டைக்கு முன்னாலேயே கூடத் தைரியமாக வைக்கலாம் போலிருக்கிறது. ஆனால் அது சுற்றி இருப்பதையெல்லாம் எடுக்கும், மேட்டுப்பாளையத்திலிருந்து மூச்சிரைக்க ஏறி வருகிற நீராவி வண்டியின் ஊதலையும் சேர்த்து. வாங்கினால் ராத்திரியில்தான் சோதிக்க வேண்டும். அதுவும் இந்த மாதத்துக்குள், ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரைக்கும் எங்கள் தகரக் கூரை வாசிப்பதைத்தான் ரெக்கார்ட் பண்ண முடியும்.