எல்லார் முகமும் தெளிஞ்சிருக்கு

"நல்லாப் பாடினீங்க. இப்பப் பாருங்க, எல்லார் முகமும் தெளிஞ்சிருக்கு. நல்லதாப் போச்சு."

கராவோகே அறையை விட்டு வெளியே வரும்போது, எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தம் முடிந்து போகிற அந்த அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தலையை லேசாகத் தாழ்த்தினார். பூங்கொத்து இருந்த காகிதப் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பாராட்டினாரா, மனம் நொந்து சொன்னாரா என்று அன்றைக்கும் பிடிபடவில்லை, இன்றைக்கும் பிடிபடவில்லை.

டோக்கியோவில் அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் கடைசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றல், ஓய்வு, ஒப்பந்த முடிவு எல்லாம் 31-ஆம் தேதியில் வந்து நிற்கும். விடிந்தால் ஏப்ரல் 1. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கறுப்பு சூட்டில் வரிசையாக உள்ளே வருவார்கள். அந்த வருடம் எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் நிரந்தர ஊழியர், ஃபுக்குவோகா கிளைக்கு மாற்றல். இன்னொருவர் இவர். ஹாகென், அதாவது ஆள் அனுப்பும் நிறுவனம் வழியாக வந்தவர். 2015-இல் திருத்திய சட்டப்படி அப்படி வருகிறவர் பொதுவாக ஒரே பிரிவில் 3 ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. இவருக்கு 3 ஆண்டு முடிந்திருந்தது.

இருவருக்கும் சேர்த்து ஒரே வழியனுப்பு விருந்து. கச்சோ, அதாவது பிரிவுத் தலைவர், அதில் கண்ணும் கருத்துமாக இருந்தார். இரண்டு பூங்கொத்தும் ஒரே விலையில் இருக்க வேண்டும், எல்லாரும் சுற்றிச் சுற்றி வாழ்த்து எழுதும் சதுர அட்டை இரண்டுமே நிரம்ப வேண்டும் என்றார். சாப்பாடு முடிந்து கராவோகேவுக்குப் போனால் கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "மொரியாமா நாவோதரோவோட 'சகுரா' எப்படி? வசந்தம்னா அதுதானே" என்று அவரே ஒன்றையும் சொல்லிவைத்தார். சகுரா என்றால் செர்ரிப் பூ. 2003 மார்ச்சில் வந்த பாட்டு. அந்தத் தலைமுறைக்கு அது உயிர்.

எனக்கும்தான். நான் ஜப்பானிய மொழி கற்றதே இந்தப் பாட்டுகளை வைத்துத்தான். இருகா பாடிய 'நகோரியுகி'யை ரயிலில் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வினைச்சொல்லாக அகராதியில் தேடியிருக்கிறேன். இருகாவின் குரலில் 1975-இல் வந்தது அது. ரயில் நிலைய நடைமேடை, காலம் தப்பி விழும் பனி, போகிற ஒருத்தி, நிற்கிற ஒருவன். நம்மூரிலும் மார்ச் 31-இல்தான் கணக்கு முடிக்கிறோம். ஆனால் அந்த ஒரு நாளுக்கென்று இத்தனை பாட்டு நம்மிடம் இல்லை. இங்கே 1886-இல் அரசின் நிதியாண்டை ஏப்ரலில் தொடங்கினார்கள், பள்ளிகளும் அதே வழிக்கு வந்தன. அதே நாட்களில் டோக்கியோவில் சகுராவும் பூக்கிறது. வரவு செலவுக் கணக்கும் பூவும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் அந்த ஊர் பாடாமல் என்ன செய்யும்?

விருந்துக்குச் சில நாள் முன்னால் தேநீர் போடும் சிற்றறையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்திருப்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எனக்காக ஒண்ணும் பாட வேண்டாம். சகுராப் பாட்டெல்லாம் படிச்சு முடிச்சுப் போறவங்களுக்கு. எனக்குத் தேதி முடிஞ்சுது, அவ்வளவுதான். கடை சாத்துற நேரத்துல 'ஹோதாரு நோ ஹிகாரி' மெட்டு போடுவாங்களே, அதைக் கேட்டு யாரும் அழறதில்லை. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. எனக்கு அது போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் "சரி" என்றேன்.

இந்த 'சரி'யை நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சகுராப் பாட்டு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பாட்டே வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டே இல்லாமல் முடிக்க நினைத்தால் கச்சோவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அவர் என்னிடம் தனியாகச் சொன்னது சபைக்கு வந்துவிடும். மாற்றலாகிப் போகிறவருக்கும் அது விருந்துதான், அவருக்குப் பாட்டு வேண்டும். இதையெல்லாம் எடை போட்டுத்தான் பாட்டை மாற்றினேன். இப்போதும் அது சரியான முடிவு என்றே படுகிறது.

தேர்ந்தெடுத்தது ரெமியோரொமென் என்ற மூவர் இசைக்குழுவின் 'சன்கட்சு கோகோனோகா'. தலைப்பு மார்ச் 9-ஐக் குறிக்கிறது, இசைத்தட்டு வெளியானதும் 2004 மார்ச் 9 அன்றுதான். இன்று எந்தப் பள்ளியில் கேட்டாலும் அதைப் பட்டமளிப்புப் பாட்டு என்பார்கள். ஆனால் அது அந்தக் குழுவினரின் நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்காக உருவான பாட்டு. 2005-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வகுப்பு மாணவர்கள் அதைச் சேர்ந்து பாடினார்கள், அதன் பிறகுதான் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. ஆகவே இது விடைபெறுவதற்கென்று பிறந்த பாட்டே இல்லை, இதில் அவருக்கு வருத்தம் வராது என்று எனக்குள் ஒரு வாதம் வைத்திருந்தேன். கச்சோவிடம் "சகுரா எல்லாரும் பாடறதுதானே, கொஞ்சம் வேற பாடலாம்" என்றேன். சம்மதித்தார்.

ஆனால் அந்த அறையில் யாருக்கு அந்தக் கல்யாணக் கதை தெரியும்? தெரிந்தாலும் யார் அதை நினைத்துப் பாடினார்கள்? திரையில் வரிகள் நிறம் மாற மாற, ஒவ்வொருவரும் தங்கள் பள்ளிக்கூடத்தைத்தான் பாடினார்கள். மாற்றலாகிப் போகிறவர் இரண்டாவது சரணத்திலேயே உடைந்துவிட்டார். கச்சோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மா சுவரோரம் உட்கார்ந்து, மடியில் பூங்கொத்தை வைத்துக்கொண்டு தாளம் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் பூவைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாள் சரசரத்தது. ஒலிவாங்கி அவர் பக்கம் போகவில்லை. யாரும் நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. பாட்டு முடியவும் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. இன்னும் 10 நிமிடம்தான், நீட்டிக்கிறீர்களா என்று கீழிருந்து கேட்டார்கள். வேண்டாம் என்று கச்சோ சொன்னார்.

அதற்குப் பிறகுதான் "எல்லார் முகமும் தெளிஞ்சிருக்கு."

உண்மையிலேயே தெளிந்துதான் இருந்தது. அதை மறுக்க முடியாது. அந்த வாரம் முழுக்கப் பிரிவில் ஒரு கனம் இருந்தது. அவரை ஏன் நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் அந்தக் கேள்வி இருந்தது என்றே நினைக்கிறேன். எடுத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. 3 ஆண்டு முடியும்போது அப்படிக் கேட்பது ஆள் அனுப்பும் நிறுவனம் செய்யக்கூடிய ஏற்பாடுகளில் ஒன்று. அந்த முடிவு எடுக்கும் இடத்தில் நான் இல்லை. கச்சோவும் அந்த இடத்தில் இருந்தாரா என்பது எனக்குச் சந்தேகமே. ஆனால் பாட்டு முடிந்ததும் அந்தக் கேள்வி காணாமல் போயிருந்தது. மார்ச், வசந்தம், எல்லாரும் ஒரு நாள் போகத்தானே வேண்டும் என்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு நிர்வாக முடிவுக்குப் பருவகாலத்தின் முகம் வந்துவிட்டது. அவர் சொன்னது இதைத்தான் என்றால், அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை.

உடனே இன்னொரு பக்கமும் தோன்றுகிறது. மனிதர்கள் அழுது லேசாவதில் என்ன தப்பு? அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் எல்லாரும் கனத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் அவருக்கு வேலை கிடைத்திருக்குமா? தன் பொருட்டு மற்றவர்கள் கஷ்டப்படக் கூடாது என்று நினைப்பவர் அவர். அவர் எழுதிவைத்துப் போன கைமாற்றுக் குறிப்பைப் பார்த்தால் தெரியும். செலவுச் சீட்டு எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதில் தொடங்கி, மழைக்காலத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தின் மூன்றாவது தட்டில் காகிதத்தைக் கோடு வரை நிரப்பாதீர்கள், சிக்கிக்கொள்ளும் என்பது வரை எழுதியிருந்தார். அடுத்து உட்காரப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்காக. அப்படிப்பட்டவர் "நல்லதாப் போச்சு" என்றால் நல்லதாகத்தான் போயிருக்க வேண்டும்.

இப்படி இரண்டு பக்கமும் பேசிப் பேசி, கடைசியில் 'தபிதாச்சி நோ ஹி நி' பாட்டின் கதையில் வந்து நிற்கிறேன். சைத்தாமாவில் சிச்சிபு என்ற ஊர். அங்கே காகெமோரி நடுநிலைப் பள்ளியில் 1991-இல் பிறந்த பாட்டு. கிளம்பும் மாணவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இசை ஆசிரியை தலைமையாசிரியர் கொஜிமா நொபொருவிடம் வரிகள் கேட்டார். எனக்கு அதெல்லாம் வராது என்றவர், மறுநாளே எழுதி ஆசிரியையின் மேசையில் வைத்துவிட்டார். ஆசிரியர்கள் சேர்ந்து மாணவர்கள் முன்னால் பாடினார்கள். அந்த ஒரு முறைக்கென்று செய்த பாட்டுதான் பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளுக்குப் போனது. நிற்பவர்கள் போகிறவர்களுக்காகப் பாடுவதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். நாங்கள் செய்ததும் அதுதானே என்று என்னைச் சமாதானப்படுத்தியும் இருக்கிறேன். ஆனால் அந்தத் தலைமையாசிரியரும் அதே மார்ச்சில் ஓய்வு பெற்றார். வரிகளை எழுதியவரும் போகிறவர்தான். எங்கள் அறையில் ஒலிவாங்கி கைமாறிய யாரும், மாற்றலாகிப் போகிற அந்த ஒருவரைத் தவிர, எங்கேயும் போகவில்லை. அவருக்கும் ஃபுக்குவோகாவில் ஒரு மேசை காத்திருந்தது.

இந்த மார்ச்சிலும் பாட்டு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. போகிறவர் இந்த முறையும் ஒப்பந்தம் முடிந்தவர். இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பையன். இந்தத் தடவை நானே போய்ப் பாட்டு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"மொரியாமாவோட 'சகுரா' போடுங்க. நான்தான் முதல்ல ஆரம்பிப்பேன்."

கச்சோவுக்குச் சொன்னதும் முகமெல்லாம் மலர்ச்சி. பையனுக்கு அடுத்த வேலை தயாராக இருக்கிறது, ஏப்ரல் 1-ஆம் தேதியே சேர்கிறார். அந்த அம்மாவுக்கு அப்போது ஏதாவது தயாராக இருந்ததா என்று நான் கேட்டிருக்கவில்லை. ஆகவே இவர் பதிலை வைத்து அவர் சொன்னதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை.