அப்பாவின் துப்பாக்கியும் பின்கட்டுக் கதவும்

அப்பா 2024 ஆகஸ்டில் காலமானபோது விட்டுச்சென்றவற்றில் ஏழு ஏக்கர் நிலம், நான்கு காங்கேயம் மாடுகள், கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்சம் பயிர்க்கடன் ஆகியவற்றோடு 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. 1986 முதல் உரிமத்தோடு வைத்திருந்த அதை, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு முறை வெறிநாய் ஒன்றைச் சுடுவதற்காகத்தான் அவர் பயன்படுத்தினார். உரிமம் ஆளுக்குத்தானே தவிர வீட்டுக்கு இல்லை என்பதும், உரிமதாரர் இறந்த பிறகு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகிவிடும் என்பதும் அப்பாவே சொல்லி வைத்திருந்த செய்திகள். ஆகவே காரியம் முடிந்த மறுநாளே அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அதை விற்றுவிடலாம் என்பதுதான் அப்போதைய எண்ணம்.

எங்கள் வீடு காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில், தார்ச்சாலையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்து வீடு. சுற்றிலும் கிளுவை வேலியும் மேய்ச்சல் நிலமான கொறங்காடும்தான். கூப்பிடு தூரத்தில் இருப்பது சித்தப்பா மகன் வீடு ஒன்று மட்டும். அதுவும் காற்று எதிர்த்திசையில் அடித்தால் கூப்பிடு தூரம் இல்லை. வீட்டில் எழுபத்தாறு வயதான அம்மா, என் மனைவி, ஐம்பத்து மூன்று வயதான நான் என்று மூன்று பேர். திருப்பூரில் நூல் வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் எனக்கு மாதக் கடைசியில் நான்கைந்து இரவுகள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும்.

2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், எங்களுடையதைப் போன்றதொரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் உறக்கத்தின் தன்மையே மாறிப்போனது. அம்மா காதிலும் கையிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்து வங்கி லாக்கரில் வைக்கச் சொன்னார். நான் துப்பாக்கியை விற்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க முடிவு செய்தேன்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்க இடம் இருக்கிறது. விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் இணையதளம் வழியாகப் போகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவும் இரு தங்கைகளும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்த ஆட்சேபமின்மை, உடல்நலமும் மனநலமும் சரியாக இருப்பதாக மருத்துவர் அளித்த சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி என எல்லாவற்றையும் சேர்க்க எனக்கு ஏழு வாரம் ஆனது. இவற்றில் பயிற்சியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை துப்பாக்கியைத் துடைத்திருக்கிறேனே தவிரச் சுட்டதில்லை. முதல் தோட்டா வெடித்தபோது தோள்பட்டையில் விழுந்த இடியைவிட, அதன் பிறகு அரை நிமிடத்துக்கு எந்தச் சத்தமும் காதில் விழாமல் போனதுதான் என்னைக் கலங்கடித்தது. மூடிய அறைக்குள், இருட்டில், இரண்டாவது ஆள் எங்கே நிற்கிறான் என்று காதால் கேட்டறிய வேண்டிய நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கேயே முளைத்துவிட்டது.

விண்ணப்பம் காவல்துறையின் அறிக்கைக்குப் போக வேண்டும் என்பது ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. விசாரணைக்கு வீட்டுக்கே வந்த உதவி ஆய்வாளர் வயதில் என்னைவிடச் சிறியவர். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே, எழுதிக்கொள்ளாமல் சில கேள்விகளைக் கேட்டார்.

"துப்பாக்கிய எங்க சார் வைப்பீங்க?"

"உள் ரூம் இரும்பு பீரோவுலங்க. தோட்டா தனியா, வேற பூட்டுல."

"நீங்க திருப்பூர்ல தங்கற அன்னிக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. என் பெயரில் உள்ள உரிமத்தைக் கொண்டு என் மனைவியோ அம்மாவோ அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுக்க முடியாது. எடுத்தால் அவர்கள் மீதுதான் ஆயுதச் சட்டம் பாயும். கதவோரம் நின்றிருந்த அம்மாதான் பேச்சை முடித்து வைத்தார்: "அப்ப அன்னிக்கு வர்றவனுக்கு நாமளே ஒரு துப்பாக்கிய எடுத்து வச்ச மாதிரி ஆயிரும் சாமி." உதவி ஆய்வாளர் சிரிக்கவில்லை. திருட வருகிறவர்களுக்கு நகையைவிடப் பிடித்தமான பொருள் துப்பாக்கி என்று மட்டும் சொன்னார். அறிக்கையைத் தன்னால் சாதகமாகவே தர முடியும் என்றும், ஆனால் போவதற்கு முன் வீட்டின் பின்பக்கத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

பின்கட்டில் சமையலறைக் கதவைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். முன்வாசலில் தாத்தா காலத்துத் தேக்குக் கதவு, உள்ளே குறுக்குக்கட்டை, சங்கிலி எல்லாம் இருக்க, பின்னால் பத்து வருடத்துக்கு முன்பு செலவைக் குறைப்பதற்காக நான் போட்ட ஒட்டுப்பலகைக் கதவும் விரல் நீளத் தாழ்ப்பாளும்தான் இருந்தன. அதற்கு நாலடி தள்ளி, மாடு கட்டும் கட்டுத்தரைச் சுவரில் கடப்பாரை சாத்தி வைத்திருந்தது. வருகிறவன் ஆயுதம் கொண்டுவர வேண்டிய வேலைகூட இல்லை.

அன்று இரவு சித்தப்பா மகனை வரவழைத்து ஒரு சோதனை செய்து பார்த்தோம். எங்கள் வீட்டாருக்கு அது இன்றும் கேலிப் பொருள்தான். நான் கட்டிலில் படுத்திருக்க, அவன் பின்கதவில் கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும். அந்தச் சத்தம் கேட்டு நான் எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, சாவி எடுத்து, பீரோவைத் திறந்து, துப்பாக்கிக்குப் பதிலாக வைத்திருந்த குடையை எடுத்து, வேறொரு பெட்டியிலிருந்து தோட்டாவுக்குப் பதிலான இரண்டு பேட்டரிகளை எடுக்க வேண்டும். மனைவி கைப்பேசியில் நேரம் பார்த்தாள். தூங்காமல், பயப்படாமல், விளக்கைப் போட்டுக்கொண்டு செய்தும் எனக்கு ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஆனது. அவன் நாற்பது நொடிக்குள் தாழ்ப்பாளைப் பெயர்த்துச் சமையலறைக்குள் வந்து, பாத்திர அடுக்கில் இருந்த முறுக்கை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். பீரோவில் பூட்டாமல் தலையணைக்கடியில் வைத்தால் அந்த வித்தியாசம் குறையும் என்பது உண்மைதான்; ஆனால் பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வந்து போகும் வீட்டில் அப்படி வைக்கிறவன் திருடனைவிட ஆபத்தானவன்.

சட்டத்தைப் பற்றி, ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கும் என் மைத்துனரிடம் கேட்டேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவின்படி, இரவில் வீடுடைத்து நுழைகிறவனுக்கு எதிராகத் தற்காப்பு உரிமை அவன் உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளும். பழைய தண்டனைச் சட்டத்தில் 103ஆம் பிரிவாக இருந்தது இது. ஆனால் 37ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. "உரிமை இருக்குதுங்க மாப்பிள்ளை, ஆனா அத கோர்ட்டுலதான் காட்டோணும். அதுவரைக்கும் துப்பாக்கியும் அங்க, நீங்களும் அங்க" என்றார் அவர்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று நடத்தை விதிமுறை அமலுக்கு வந்தது. தமிழகத்தில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தாலும் வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 அன்றுதான். அப்பா தம் கடைசிக் கோடைக்காலம் முழுவதையும் துப்பாக்கி இல்லாத வீட்டில்தான் கழித்தார். அப்போது நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்பது எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருந்த அந்த மாதங்களில் மற்ற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார்; பன்றிக்கு அப்படி வைத்த கம்பியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் செத்த கதைகளை ஆண்டுதோறும் படிக்கிற ஊரில் இருந்துகொண்டு அவர் அதைச் சொன்னதுதான் வேடிக்கை. விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சூரியசக்தி வேலி வேறு வகை. அது உயிரை எடுக்காது, ஆனால் ஏழு ஏக்கரைச் சுற்றிப் போட எங்களிடம் பணம் இல்லை. ஏர்கன் ஆளை நிறுத்தாது, கோபப்படுத்தும். மிளகாய்த் தூளும் மிளகு ஸ்பிரேயும் முகத்துக்கு நேரே வந்தவனுக்கு உதவும். அவ்வளவு அருகில் அவனை வரவிடாமல் இருப்பதுதான் எங்கள் கேள்வியே.

நாய் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். ராஜபாளையம் வேண்டாம், கோம்பை வேண்டும் என்று தேடி ஒரு குட்டி வாங்கினோம். ஏற்கெனவே இருந்த நாட்டு நாயும் அதுவும் சேர்ந்துகொண்டன. கறித்துண்டில் விஷம் வைத்து நாயைக் கொல்வது பழைய தந்திரம் என்பதால் ஒன்றை வெளியிலும் மற்றொன்றை இரவில் வீட்டுக் கூடமான ஆசாரத்துக்குள்ளும் விடுகிறோம். ஆனால் நாய் குரைத்தால் என்ன செய்வது என்பதை வீட்டார் கற்றுக்கொள்வதற்குத்தான் நாட்கள் பிடித்தன. கதவைத் திறந்து யாரென்று பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். கன்றை அவிழ்த்துவிட்டோ, குழாயைத் திறந்துவிட்டோ அப்படித் திறக்க வைப்பதுதான் வருகிறவர்களின் வழக்கம் என்று உதவி ஆய்வாளர் சொல்லியிருந்தார். விடியும்வரை எதற்காகவும் கதவைத் திறப்பதில்லை என்று அம்மாவை ஒப்புக்கொள்ளச் செய்ய ஒரு மாதம் ஆனது. மாடு கத்தினால்கூடவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பணத்தின் பெரும்பகுதி பின்கட்டுக்குப் போனது. ஒட்டுப்பலகைக் கதவைக் கழற்றிவிட்டு இரும்புத் தகட்டுக் கதவு, மேலும் கீழும் நடுவிலுமாக மூன்று தாழ்ப்பாள், அதற்கு வெளியே கிரில். ஆசாரத்துக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவில் உள்ளிருந்து பூட்டும் இன்னொரு கிரில். எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. கடப்பாரை, மண்வெட்டி, ஏணி மூன்றும் இரவில் உள்ளே வந்துவிடும். கேமரா வைத்தபோது பதிவுப்பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்கப் பார்த்தார்கள். திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான் என்பதால், சிம் கார்டு போட்டுப் படத்தை உடனுக்குடன் கைப்பேசிக்கு அனுப்பும் வகையை வாங்கினோம். ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கு நான்கு மூலைக்கும். கூரை மேல் ஒரு சைரன். அதற்கு பேட்டரியும், மூன்று பேரின் கட்டிலோரத்திலும் பொத்தானும். அதன் சத்தம் கேட்டால் சித்தப்பா மகனும் மேற்குத் தோட்டத்துக்காரர்களும் வெளிவிளக்குகளைப் போட்டு, தங்கள் சைரனை அடித்து, 100க்கு அழைப்பார்கள் என்று பேசி வைத்தோம்.

2025 மே தொடக்கத்தில் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்த பிறகு, ரோந்துக் காவலர்கள் எங்கள் பக்கமும் அடிக்கடி வரத் தொடங்கினார்கள். வாசலில் தொங்கும் பட்டா புத்தகத்தில் (ரோந்து வந்ததற்கான பதிவேடு) அவர்கள் போடும் கையெழுத்தை அம்மா காலையில் முதல் வேலையாகப் பார்க்கிறார்.

சைரன் இதுவரை ஒரு முறைதான் அடித்திருக்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் எங்கள் மடைக்கு இரவுத் தண்ணீர் முறை வந்திருந்த ஒரு நாள், ஏறக்குறைய இரண்டு மணிக்கு, நாய்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வெறிகொண்டு குரைத்தன. மேற்கு மூலை விளக்கு எரிந்தது. கைப்பேசியில் பார்த்தபோது தலையில் துண்டைக் கட்டிய ஒருவன், தோளில் நீளமான எதையோ சாத்திக்கொண்டு, கிணற்றோரமாக வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான். நான் எழுவதற்குள் அம்மா பொத்தானை அழுத்திவிட்டார். அவன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "பெரியம்மா, நான்தானுங்க, நான்தானுங்க" என்று கத்தினான். சித்தப்பாவின் இளைய மகன். மடை மாற்ற வந்தவன், டார்ச்சில் பேட்டரி தீர்ந்துபோய் எங்கள் வாசல் வழியே குறுக்காக வந்திருக்கிறான். தோளில் இருந்தது மண்வெட்டி. கிரிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்கு, கையில் குடைக்குப் பதில் உண்மையான துப்பாக்கி இருந்து, அவன் குரல் கொடுக்க ஒரு விநாடி தாமதமாகியிருந்தால் என்ற எண்ணம் வந்து, அன்று விடியும்வரை தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிரிவின் எழுத்தர், அறிக்கைகள் எல்லாம் சாதகமாக வந்துவிட்டனவே, ஒரு கையெழுத்துதானே பாக்கி என்று இரண்டு முறை கேட்டார். துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்பதற்கான அனுமதி வர மேலும் ஒரு மாதம் ஆனது. அவர் குழல்களைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று அப்பாவைப் பாராட்டினார். தோட்டாக்களை மட்டும் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பித்தளை அடிகளில் பச்சை பூத்திருந்தது, இவை வெடித்தாலும் வெடிக்கும், வெடிக்காமலும் போகும் என்றார். அத்தனை வருடங்களாக எங்களைக் காத்தவை என்று நாங்கள் நம்பியிருந்தவை அவைதாம்.

தோட்டா செருகும் தோல்பட்டையை மட்டும் அம்மா கேட்டு வாங்கி வரச் சொல்லியிருந்தார். வெறும் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று வியாபாரி சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுத்தார். துப்பாக்கிக்கு அவர் கொடுத்த பணத்தில் பின்கட்டுக் கிரிலின் கடைசித் தவணையை அடைத்தேன். இன்னும் நாலாயிரம் ரூபாய் கைக்காசு போட வேண்டியிருந்தது.